பித்தப்பைக் கல்லுக்கு போர் தண்ணீரா காரணம்?

கேள்வி: எனக்கு வயது 43. சேலம் கருப்பூரில் குடியிருக்கிறோம். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் மூன்று சிறு கற்கள் தெரிந்தன. வலி இல்லை. பக்கத்தில் மேக்னசைட் சுரங்கம், வீட்டில் உப்பு போர் தண்ணீர், குடிப்பது செப்புக் குடத்துத் தண்ணீர். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9 என்று இரும்பு மாத்திரையும் சாப்பிடுகிறேன். இவற்றில் எது கல்லாகிறது? மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா. இரும்பு மாத்திரையால் பித்தப்பையில் கல் வருவதில்லை. விலங்குகளில் செய்த சோதனையில், இரும்புச்சத்து குறைந்தபோதுதான் பித்தத்தில் கொலஸ்டிரால் படிகங்கள் கூடின.

பித்தப்பைக் கற்களில் செம்பு, இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் சிறு அளவில் இருப்பது உண்மை. கொழுப்பாலான கொலஸ்டிரால் கற்களைவிட, பித்தத்தின் நிறப்பொருள் படிந்து உண்டாகும் கறுப்பு, பழுப்பு நிறமிக் கற்களில் செம்பும் இரும்பும் அதிகம். ஆனால் உடலில் மிகுதியாகும் செம்பு வெளியேறும் முக்கிய வழியே பித்தம்தான். அந்தப் பித்தத்தில் ஊறிய கல்லில் செம்பு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கல்லுக்குள் இருப்பதாலேயே அதுதான் கல்லை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. செப்புக் குடத்தில் வெறும் தண்ணீர் வைத்துக் குடியுங்கள்; மோர், எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம், புளிப்பு செம்பைக் கரைத்துவிடும்.

போர் தண்ணீரின் உப்பும் நேராகப் போய்ப் பித்தப்பையில் படிவதில்லை. நிறமிக் கல்லில் கால்சியம் உண்டுதான்; ஆனால் அது ரத்தத்திலிருந்து பித்தத்துக்கு வருவது. ரத்தத்தில் அதன் அளவை உடலே கட்டுக்குள் வைத்திருக்கிறது. சுரங்கத்துத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், அது வேறு விஷயம்.

எனக்கு உறுத்துவது உங்கள் ரத்த அளவு 9 என்பதுதான். மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைந்துவிடும். அதில் வெளிப்படும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் பித்தத்தில் சேர்ந்து கறுப்புக் கல்லாகும். ரத்தசோகையும் கல்லும் ஒன்றாக வந்தால் அதைப் பார்க்காமல் விடக் கூடாது. பிலிருபின், ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணுக்களின் அளவு), ரத்தப் படலச் சோதனை (ரத்த அணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது சிறு வயதிலேயே மஞ்சள் காமாலையோ பித்தப்பைக் கல்லோ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வலியில்லாத கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. வாழைத்தண்டுச் சாறு இந்தக் கல்லைக் கரைக்காது. கல்லுக்குப் பயந்து பட்டினி கிடக்கவும் வேண்டாம். எடை வேகமாகக் குறைந்தாலும் புதுக் கற்கள் வரும். சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும் வலி வந்தால் சர்ஜனைப் பாருங்கள். வலியோடு குளிர்காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால், நள்ளிரவானாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.