கோடை வெயிலில் மேட்டுப்பாத்தித் தக்காளி வாடுவது ஏன்?

கேள்வி: மணப்பாறை பக்கம் எங்கள் ஊர். கொல்லையில் ஹாலோ பிளாக் கல்லை மூன்று வரி அடுக்கி, 10 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி கட்டினேன். தண்ணீர் கீழே இறங்காமலிருக்க அடியில் தார்ப்பாய் விரித்து, பாதி தென்னை நார்க்கழிவும் பாதி செம்மண்ணும் நிரப்பினேன். பங்குனியில் நட்ட தக்காளியும் கத்தரியும் தினமும் தண்ணீர் விட்டும் வாடுகின்றன. அடி இலை மஞ்சளாகிறது, தக்காளிப் பூ கொட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மேட்டுப்பாத்தி போடுவதே மழைத் தண்ணீர் தேங்காமல் வடிவதற்காகத்தான். ஐப்பசி, கார்த்திகையில் செடியைக் காப்பாற்றுகிற அதே வடிகால் சித்திரையில் செடியைக் காயவைக்கும். நாலு பக்கமும் வெயிலும் காற்றும் படுவதால் தரைப் பாத்தியைவிடச் சீக்கிரம் சூடேறும். உயரம் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். உங்கள் இடத்துக்கு ஒரு வரி கல், அதாவது 8 அங்குலம், போதும்.

முதலில் வாட்டம் எந்த வகை என்று பாருங்கள். மதியம் துவண்டு, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம்; பயப்பட வேண்டாம். காலை 7 மணிக்கே துவண்டிருந்தால் மண்ணைக் கையால் அரையடி தோண்டுங்கள். மேலே ஈரம், உள்ளே பொடியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. உள்ளேயும் ஈரம் இருந்து செடி பச்சையாகவே தொங்கினால் ஒரு செடியைப் பிடுங்கி, அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுமுனை மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நிறுத்திவிட்டு வெண்டை, கீரை போடுங்கள்.

அடுத்த முறை மண்ணை மாற்றும்போது தார்ப்பாயைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அது வேரைக் கீழே உள்ள குளிர்ந்த மண்ணுக்குப் போகவிடாது. மழைக்காலத்தில் தண்ணீரைத் தேக்கி வேரை அழுகவைக்கும். அடித்தரையைக் கடப்பாரையால் ஒரு அடி ஆழம் நெகிழ்த்தி, அதன்மேல் மண் நிரப்புங்கள்.

அடி இலை மஞ்சளாவதற்கு நார்க்கழிவு மக்காமல் போட்டதே காரணமாக இருக்கும். பச்சை நார்க்கழிவு மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும்; உப்பும் இருக்கும். இப்போதைக்கு அரை கிலோ கடலைப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறையாக இரண்டு தடவையில் ஊற்றுங்கள். அடுத்த முறை செம்மண் 2 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் 1 பங்கு, மக்கிய நார்க்கழிவு 1 பங்கு என்று கலக்குங்கள்.

தண்ணீர்க் கணக்கு இதுதான். உங்கள் பாத்தி சுமார் 3.7 சதுர மீட்டர். கடும் கோடையில் நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் ஆவியாகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். ஆக 22 முதல் 30 லிட்டர் தேவை. மூன்று சொட்டுநீர்க் குழாய், அடிக்கு ஒரு சொட்டுவாய், மணிக்கு 2 லிட்டர் என்றால் 30 சொட்டுவாயில் மணிக்கு 60 லிட்டர் இறங்கும். விடிகாலையில் 15 நிமிடம், மாலையில் 10 நிமிடம் விடுங்கள். ஹோஸில் பீய்ச்சினால் கல்லோரத்து விரிசல் வழியே ஓடிவிடும்.

குழாய்மேல் வைக்கோலோ கரும்புச் சோகையோ 3 அங்குலம் மூடாக்குப் போடுங்கள். தண்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியிருக்கட்டும். செம்மண்ணில் கரையான் வரும், வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மேற்குப் பக்கக் கல்தான் அதிகம் கொதிக்கும். அதன் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்து, செடியை உள்ளே ஒரு அடி தள்ளி நடுங்கள். 35 சதவீத நிழல்வலையை 7 அடி உயரத்தில் கட்டுங்கள். செடியை ஒட்டிப் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும்.

பூ கொட்டுவதை எந்த மருந்தாலும் முழுதாக நிறுத்த முடியாது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் தக்காளி மகரந்தம் கெட்டுப்போகும், பிஞ்சு பிடிக்காது. டானிக் வாங்கிப் பணத்தை விடாதீர்கள். கத்தரி ஓரளவு தாங்கும், அதை விட்டுவையுங்கள். தக்காளியை எடுத்துவிட்டு வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை விதையுங்கள். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளானால் அந்தச் செடியை அன்றே பிடுங்குங்கள். வெள்ளை ஈ அந்த நோயை மற்றதுக்கும் பரப்பிவிடும். வாடல் நோய் இல்லையென்றால் ஆனியில் தக்காளி நாற்றுவிட்டு, 25 நாள் நாற்றை ஆடியில் நடலாம்.