ஒன்றரை ஷிப்டுக்கு நடுவே ஒரு டிரையத்லான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 36. வாரத்தில் ஆறு நாள் ஒன்றரை ஷிப்டு. ஞாயிறு மட்டும் விடுமுறை. கடந்த ஆண்டு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டியில் பாதித் தூரம் ஒன்றை முடித்தேன். அடுத்து முழுத் தூரத்துக்குத் தயாராகிறேன். தினமும் மூச்சிரைக்க ஓடியும் சைக்கிள் மிதித்தும் இரண்டு மாதமாக முன்னேற்றமே இல்லை, முழங்காலும் வலிக்கிறது. என் வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: "தினமும் மூச்சிரைக்க" என்று நீங்களே எழுதியிருப்பதில்தான் விடை இருக்கிறது. முழுத் தூரம் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பெரும்பாலான போட்டிகளில் இதை முடிக்க 17 மணி நேரம் தருகிறார்கள். அன்று முழுவதும் உங்கள் உடல் மிதமான வேகத்தில்தான் இயங்கப்போகிறது. அந்த வேகத்தில் ஒருநாளும் பழகாமல், ஒரு மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும் வேகத்திலேயே வாரம் முழுவதும் பழகினால், செவ்வாய்க்கிழமைக் களைப்பு தீருவதற்குள் புதன்கிழமைக் களைப்பு வந்து சேரும். பயிற்சி எதுவும் உடம்பில் ஒட்டாது.

உங்கள் வேலை நேரத்தை மாற்ற முடியாது என்பதால், அதை அப்படியே வைத்துக்கொண்டு வாரத்தை அமைப்போம். திங்கட்கிழமை காலையில் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையின் பாரம் அன்றைக்குத்தான் கால்களில் தெரியும். இரவில் தொடை, இடுப்பு, கெண்டைக்கால் தசைகளுக்கான வலுப்பயிற்சியை இருபது நிமிடம் மட்டும் செய்யுங்கள். முழங்கால் வலிக்கு இடுப்புத் தசையின் பலவீனமும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். செவ்வாய் காலை ஒன்றேகால் மணி நேரம் சைக்கிள். வாரத்தில் நீங்கள் உண்மையிலேயே கடுமையாக உழைக்கும் நாள் இது ஒன்றுதான்: உடல் சூடான பிறகு பத்து நிமிடம் அழுத்தி மிதித்து, ஐந்து நிமிடம் தளர்த்தி, இப்படி மூன்று முறை. புதன் ஒரு மணி நேர நீச்சல். வியாழன் அதிகாலை ஒன்றே முக்கால் மணி நேர நெடு ஓட்டம். வெள்ளி மீண்டும் நீச்சல். அன்று தூரத்தைப் பார்க்காமல் கைவீச்சின் ஒழுங்கை மட்டும் கவனியுங்கள். சனிக்கிழமை சம்பள நாள். வேலை முடிய நேரமாகும் என்பது உங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை, எனவே காலையில் நாற்பது நிமிடம் மெதுவாக ஓடினால் போதும். ஞாயிறு நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் சைக்கிள், இறங்கியதும் சட்டையைக்கூட மாற்றாமல் அரை மணி நேர ஓட்டம். மொத்தம் ஏறக்குறைய பதினொரு மணி நேரம் வருகிறது. வேலைக்குப் போகிற ஒருவர் முழுத் தூரத்தை நல்லபடியாக முடிக்க இது போதுமானது.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடுகிற அந்த அரை மணி நேரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்து மணி நேரம் வட்டமாகச் சுழன்ற கால்கள் தரையில் பட்டதும், முதல் பத்து நிமிடம் அவை வேறு யாருடைய கால்களோ என்று தோன்றும். இடுப்பு முன்னால் மடங்கியே இருக்கும், காலடித் தூரம் குறுகும். போட்டி நாளில் இந்தப் பத்து நிமிடத்தில் பயந்துபோய் நடக்கத் தொடங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாரந்தோறும் பழகியவருக்கு அது கடந்துபோகும் என்று தெரியும்.

மெதுவாக ஓடுவது என்றால் எவ்வளவு மெதுவாக என்று கேட்பீர்கள். பக்கத்தில் ஓடி வருபவரிடம் நேற்று எந்த ஃபீடரில் மின்வெட்டு, எந்த கம்பெனியில் எவ்வளவு ஆர்டர் என்று முழு வாக்கியமாக, இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் அது. வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக இருக்கும். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

இனி, சரக்கு அனுப்பும் அவசரத்தில் வேலை நீளும் ஷிப்மென்ட் வாரம். இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பிவிட்டு நாலேகாலுக்கு எழுந்து நெடு ஓட்டம் போகாதீர்கள். உடல் தன்னைச் சரிசெய்துகொள்வது தூக்கத்தில்தான். ஐந்து மணி நேரத் தூக்கத்தின் மேல் செய்த நெடு ஓட்டத்தில் காயத்துக்கு வாய்ப்பு அதிகம், பலன் குறைவு. முதலில் சனிக்கிழமை ஓட்டத்தை விடுங்கள், அடுத்து வெள்ளி நீச்சலை விடுங்கள், வியாழனைப் பாதியாகக் குறையுங்கள்; ஞாயிற்றுக்கிழமையை மட்டும் காப்பாற்றுங்கள். விட்டதை அடுத்த நாள் சேர்த்துச் செய்து ஈடுகட்ட முயலாதீர்கள். மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரம் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு, மூன்று வாரங்களில் தூரத்தை இறக்கிக்கொண்டே வர வேண்டும். அப்போது கை கால் துறுதுறுவென்று இருக்கும், ஏதோ தவறு செய்கிறோம் என்றும் தோன்றும். அப்படித் தோன்றினால் சரியாகத்தான் போகிறது.

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துக்காரன். சிறு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீந்தக் கற்றவன். அந்த நீச்சல் போட்டிக்கு உதவுமா? எங்கள் ஊர் வாய்க்காலிலேயே பயிற்சி செய்யலாமா?

பதில்: ஆழத்தைப் பார்த்துப் பயமில்லை என்பதே பெரிய சொத்து, நகரத்து நீச்சல்குளத்தில் ஓர் ஆண்டு பழகியவர்கள்கூட கடலில் கால் எட்டாத இடத்தில் திகைத்துவிடுவதுண்டு. ஆனால் கிணற்று நீச்சலில் தலையைத் தூக்கியே வைத்திருப்போம். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். அமிழ்ந்த காலை இழுத்துக்கொண்டு 3.8 கிலோமீட்டர் போனால் சைக்கிளுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, வாயால் குமிழிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்கும் முறைக்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். 25 மீட்டர் குளத்தில் அந்தத் தூரம் 152 நீளம். எண்ணிக்கை தவறாமல் இருப்பதே தனிப் பயிற்சி. பெரும்பாலான போட்டிகளில் நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம் தருகிறார்கள். 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி என்ற கணக்கில் போனாலும் கரை சேர்ந்துவிடலாம். ஆகவே இங்கே வேகத்தைத் தேடாதீர்கள், சோர்வில்லாமல் எழுந்து வருவதைத் தேடுங்கள்.

வாய்க்கால் மட்டும் வேண்டவே வேண்டாம். கீழ்பவானி ஆகட்டும், பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் ஆகட்டும், தண்ணீர் விட்ட நாளில் மேலே அமைதியாகத் தெரியும் ஓட்டத்துக்கு அடியில் இழுப்பு அதிகம். சரிவான கரையில் பாசி படிந்திருக்கும், பிடித்து ஏற ஒன்றும் கிடைக்காது. மதகும் சுரங்கமும் எங்கே வரும் என்பது நீந்துபவர் கண்ணுக்குத் தெரியாது. நமக்குக் கடல் இல்லை என்பது உண்மைதான். குளத்திலேயே ஆறு கைவீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் முதலை போல நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி எதிரே உள்ள ஒரு பொருளைப் பார்க்கப் பழகுங்கள். கடலில் மிதவையைக் குறிவைத்து நேராகப் போக அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். போட்டிக்கு முன் ஒரு முறையாவது, துணைப் படகும் பயிற்சியாளரும் உள்ள இடத்தில் கடல்நீச்சல் செய்துவிடுங்கள்.

கேள்வி: பெருந்துறையிலிருந்து எழுதுகிறேன். என் மகன் இந்தப் போட்டிக்கென்று வீட்டுச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, டப்பாவில் வரும் பவுடரையும் பாக்கெட்டில் வரும் ஜெல்லையும் வைத்தே காலம் தள்ளுகிறான். நம் சாப்பாட்டில் இல்லாத சத்தா அதில் இருக்கிறது?

பதில்: அம்மா, வழக்கு பாதிக்குப் பாதி உங்கள் பக்கம். அரிசிம்பருப்பு சாதத்தை விடப் பொருத்தமான பயிற்சிக்கால உணவை என்னால் சொல்ல முடியவில்லை: அரிசியில் மாவுச்சத்து, துவரம்பருப்பில் புரதம், மேலே ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். பச்சைப்பயிறு கடைந்ததும் முட்டையும் கோழியும் இருந்தால் பவுடர் இல்லாமலே புரதம் போதும். பவுடர் விஷமும் அல்ல, தேவையும் அல்ல. ஆனால் நெடுந்தூரச் சைக்கிளுக்கு முந்தைய இரவு கொள்ளும், போட்டி நாள் காலையில் கம்பங்கூழும் வேண்டாம். நார்ச்சத்து மிகுந்த நல்ல உணவுகள் அவை, அதனாலேயே அன்றைக்கு வயிற்றைத் தொந்தரவு செய்யும்.

சைக்கிளின் மேல் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் வேறு கணக்கு. அப்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை சர்க்கரைச் சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். சோற்றை அங்கே சாப்பிட முடியாது. ஜெல் வருவது இதற்காகத்தான். ஆனால் அதற்கும் நம் வீட்டில் மாற்று உண்டு. முக்கால் லிட்டர் தண்ணீரில் 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. நாட்டுச் சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ். குடலில் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து இரண்டு தனித்தனி வழிகளில் இரத்தத்துக்குள் போவதால், ஒரே வகைச் சர்க்கரையைக் காட்டிலும் மணிக்கு அதிகமாக ஏறும். மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் அடியில் தங்கும் மண்டி பாட்டிலின் வாயை அடைத்துக்கொள்ளும்.

உப்பைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. என் முதல் ஆறு மணி நேரச் சைக்கிள் பயணத்தில், இளநீருக்கு மிஞ்சியது எதுவும் இல்லை என்று நம்பி, வழியெல்லாம் இளநீரும் வெறும் தண்ணீரும்தான் குடித்தேன். ஐந்தாவது மணி நேரத்தில் தலை கனத்தது. கையுறையைக் கழற்றினால் விரல்கள் வீங்கி மோதிரம் சதைக்குள் பதிந்திருந்தது, வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் குடித்தது இன்னும் பெரிய தவறு. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. உப்பு வெளியேறி வெறும் தண்ணீர் சேரச் சேர இரத்தத்தில் சோடியத்தின் அளவு நீர்த்துப்போகிறது. முற்றினால் வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். உங்கள் மகனைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: இந்தத் தூரங்களை யார் முடிவு செய்தார்கள்? — கரூர் வாசகி

பதில்: யாரும் உட்கார்ந்து கணக்கிடவில்லை. ஹவாயின் ஓவாஹு தீவில் ஏற்கெனவே ஒரு கடல்நீச்சல் போட்டியும், தீவைச் சுற்றும் சைக்கிள் பயணமும், ஹொனலுலு மாரத்தானும் நடந்துவந்தன. நீந்துபவர், மிதிப்பவர், ஓடுபவர் ஆகியோரில் யார் உடல் உறுதி மிக்கவர் என்ற வாதம் எழ, மூன்றையும் ஒரே நாளில் வைத்துவிடலாம் என்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் முன்மொழிந்தார். 1978 பிப்ரவரியில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். வென்ற கோர்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி.

கேள்வி: ஆடிக் காற்றில் பொள்ளாச்சிப் பக்கம் சைக்கிள் மிதிக்கவே முடியவில்லை. அந்த மாதங்களில் வீட்டிலேயே இருந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறுகி வந்து நம் ஊர்களில் அவிழ்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உங்கள் உடல் 45 கிலோமீட்டர் காற்றைச் சந்திக்கிறது. எதிர்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். இதில் வேகமானியைப் பார்த்துக் கோபப்பட்டால் கால்தான் கெடும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதை மட்டும் சீராக வைத்துக்கொண்டு, வேகம் 17, 18 என்று இறங்கினாலும் இறங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். முதலில் மேற்கே கோபாலபுரம் பக்கம் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்று முதுகில் தள்ளத் திரும்புங்கள். காற்று போக, இன்னொன்று: உடுமலைச் சாலையில் தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். விடியும் முன்பே பழனிக்கு நடக்கும் கூட்டம் சாலையோரத்தை நிறைத்திருக்கும், கைவிளக்கு இல்லாமல் நடப்பவர்கள் பத்தடி தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரிவார்கள்.