இதயத்துக்கு எப்போது ரத்தம் கிடைக்கிறது?

இதயத்துக்குள் எந்நேரமும் ரத்தம் நிறைந்திருக்கும்போது அதற்கு எதற்குத் தனியாக ரத்தக்குழாய்? மாடிப்படி ஏறும்போது மட்டும் அப்பாவுக்கு நெஞ்சை இறுக்குகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. இ.சி.ஜி. நார்மல். பயப்பட வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

அறைகளில் இருக்கும் ரத்தம் வழிப்போக்கு ரத்தம். இடது கீழறையின் சுவர் ஏறத்தாழ 1 செ.மீ. தடிமன். உள்பக்கத்து மெல்லிய அடுக்குக்கு மேல் அந்த ரத்தத்தின் ஆக்சிஜன் ஊறிப் போகாது. அதனால்தான் மகாதமனி இதயத்திலிருந்து கிளம்பியதுமே, வால்வுக்குச் சற்று மேலே, வலமும் இடமுமாக இரண்டு கரோனரி தமனிகள் பிரிகின்றன. தொடக்கத்திலேயே 3 முதல் 4 மி.மீ. அகலம்தான். இவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடி, நுண்கிளைகளைத் தசைக்குள் இறக்குகின்றன.

சிக்கல் இங்கேதான். இடது கீழறை சுருங்கும்போது அந்த நுண்கிளைகளும் சேர்ந்து நசுங்கும். ஆகவே அதற்குப் பெரும்பகுதி ரத்தம் கிடைப்பது தசை தளர்ந்திருக்கும் நேரத்தில். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் அரை விநாடிக்கும் சற்று அதிகமாக ஓய்வு உண்டு. 140 ஆனால் அது 0.2 விநாடி அளவுக்குச் சுருங்கிவிடும். தேவையோ அப்போதுதான் அதிகம். போதாக்குறைக்கு, இதயத்தசை சும்மா இருக்கும்போதே தனக்கு வரும் ரத்தத்தின் ஆக்சிஜனில் சுமார் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கூடுதலாக வேண்டுமென்றால் ரத்த ஓட்டம் கூடியே ஆக வேண்டும். நல்ல குழாய் நாலைந்து மடங்கு கூட்டித் தரும். கொழுப்புப் படிந்து முக்கால்வாசி சுருங்கிய குழாய், உட்கார்ந்திருக்கும்வரை சமாளிக்கும், படியேறினால் கைவிட்டுவிடும்.

உங்கள் அப்பாவுக்கு இருப்பது இந்த வகை வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படுக்கவைத்து எடுத்த இ.சி.ஜி. நார்மலாக இருப்பது ஆறுதலே அல்ல. இதய மருத்துவரிடம் காட்டுங்கள். டிரெட்மில், எக்கோ, தேவைப்பட்டால் ஆஞ்சியோ என்று அவர் முடிவு செய்வார். அதுவரை மூச்சிரைக்கும் வேலை வேண்டாம். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே 108. 'கேஸ்தான்' என்று சோடா குடித்துக் காத்திருப்பதில் போகிற நேரம்தான் தசையைச் சாகடிக்கிறது.

தமனியில் எப்போதும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம்தானே?
– மாணவர், தென்காசி

இல்லை. இதயத்தை விட்டு வெளியே கொண்டுபோவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை, திசைதான் கணக்கு. நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம், நுரையீரல் சிரைகளில் நிறைந்த ரத்தம். தேர்வில் மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான்.

ஜவுளிக்கடையில் நின்றபடியே வேலை. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. இதயக் கோளாறா?
– வாசகர், ஈரோடு

இரண்டு காலிலும் வீங்கி, காலையில் வடிந்துவிட்டால் பெரும்பாலும் இல்லை. காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை; தள்ளியது கீழே இறங்காமல் தடுப்பவை சிரைகளிலுள்ள வால்வுகள். அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. (பாதரசம்) அளவுக்கு ஏறும், நடந்தால் 30 வாக்கில் இறங்கும். ஆகவே அரைமணிக்கொரு தடவை குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள். படுத்தால் மூச்சுத் திணறினாலோ, ஒரே காலில் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். பின்னது சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்து உருவிவிடக் கூடாது.