பித்தப்பைப் புற்றுநோய் அறிக்கையில் 'ஹெர்-2: 3+' என்று இருந்தால் வேகமாகப் பரவும் என்று அர்த்தமா?

உங்கள் சித்தப்பாவின் பயாப்சி அறிக்கையில் இந்த வரியைப் பார்த்துவிட்டு, 'இனி பரவிவிடுமா, எவ்வளவு நாள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஹெர்-2 என்பது செல்லின் மேலுறையில் இருந்துகொண்டு, வளரச் சொல்லும் உத்தரவை உள்ளே கடத்தும் புரோட்டீன். நல்ல செல்லிலும் கொஞ்சம் இருக்கும். சில புற்றுநோய்களில் அதற்கான மரபணு பல பிரதிகளாகப் பெருகிவிடும்; புரோட்டீனும் மேலுறை முழுக்க நிறைந்துவிடும். நாங்கள் சாயமேற்றிப் பார்க்கும்போது செல்லைச் சுற்றி அழுத்தமான பழுப்பு வளையம் தெரிந்தால் 3+. 2+ என்றால் சந்தேகக் கேஸ், மரபணுப் பிரதிகளை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனைக்கு அனுப்புவோம். பித்தப்பைப் புற்றுநோயில் பத்தில் ஒருவர் அல்லது இருவரிடம் இது மிகுந்திருக்கும்.

செல்லின் வளர்ச்சியை இது தூண்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் நோயாளிகளின் ஆயுளோடு ஒப்பிட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் ஆயுள் குறைவு, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. பலவும் சிறிய ஆய்வுகள், பழைய ஸ்லைடுகளை எடுத்துச் செய்தவை. இணையத்தில் அப்படி ஒன்றைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பரவலுக்குப் பார்க்க வேண்டியது ஸ்டேஜை, அதாவது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை. பித்தப்பையின் சுவர் மெல்லியது. குடலில் இருப்பதுபோல் சளிச்சவ்வுக்குக் கீழே தனி அடுக்கு கிடையாது. கல்லீரலை ஒட்டிய பக்கத்தில் வெளியுறையும் இல்லை. தசையைத் தாண்டினால் கல்லீரல் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் ஸ்டேஜ் பிரிக்க உதவும் ஏஜேசிசி வழிகாட்டியின் 8-ஆம் பதிப்பில் டி2 கட்டியை (தசையைத் தாண்டி, அதை ஒட்டிய திசு வரை போனது), வயிற்றறைப் பக்கம் இருந்தால் டி2ஏ, கல்லீரல் பக்கம் இருந்தால் டி2பி என்று பிரித்தார்கள். இரண்டாவதுதான் மோசம். அப்புறம் நிணநீர் முடிச்சுகளில் நோய் இருக்கிறதா, வெட்டி எடுத்த ஓரம் புற்றுச் செல் இல்லாமல் சுத்தமா என்றும் பாருங்கள்.

சரி, 3+ எதற்கு உதவும்? மருந்தைத் தேர்ந்தெடுக்க. 2024 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஏற்கெனவே சிகிச்சை எடுத்தும் கட்டுப்படாத 3+ திடக்கட்டிகளுக்கு ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் டெருக்ஸ்டீகன் மருந்தை அனுமதித்தது. அதே ஆண்டு நவம்பரில் பித்தப்பை, பித்தநாளப் புற்றுநோய்களுக்கென்றே ஸனிடாடமாப் என்ற இன்னொரு ஹெர்-2 மருந்துக்கு அனுமதி வந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் இருந்த 62 பேரில் 52 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அறுவை செய்ய முடியாத நிலையில் பொதுவாக முதலில் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள்தான். ஹெர்-2 மருந்துகள் அதற்கு அடுத்த கட்டம். இங்கே கிடைக்குமா, செலவு எவ்வளவு என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

இந்த ஹெர்-2 மருந்துகள் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஆரம்பிக்கும் முன் எக்கோ எடுப்பார்கள். டெருக்ஸ்டீகன் போட்டால் நுரையீரல் அழற்சி வர வாய்ப்புண்டு. புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.