வைத்தியரைக் கேளுங்கள்: சளியில் கிருமி தெரிந்தால் காசநோய்தானா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. சிறுவயதிலேயே சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். சில மாதங்களாக இருமல் கூடி, உடம்பும் மெலிந்து வருகிறது. சளியைப் பார்த்தவர்கள் காசநோய்க் கிருமி போல் தெரிகிறது என்றார்கள். பிறகு செய்த, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. இதற்குள் மாமியார் அவனுடைய தட்டையும் கோப்பையையும் வேறாக்கிவிட்டார். தங்கையை அவனருகில் விடுவதில்லை. திருகோணமலை கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் சளி இளகும் என்றும் சொல்கிறார். என்ன செய்வது, டொக்டர்?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் தட்டையும் கோப்பையையும் மற்றவர்களுடையதோடு சேர்த்து வையுங்கள். காசநோயே ஆனாலும் அது காற்றால் பரவுமே தவிர, பாத்திரத்தால் பரவாது. நோயோடு போராடுகிற பிள்ளையைத் தனியே உட்கார்ந்து சாப்பிட வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் நுண்ணோக்கியில் கண்ட காட்சிதான் இது: நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோல்கள். காசநோய்க் கிருமி அப்படித்தான் தெரியும். மண்ணிலும் குழாய் நீரிலும் வாழ்கிற அதன் இனத்துக் கிருமிகளும் அப்படியே தெரியும். சளிக்கு நாம் ஏற்றும் சாயம் இவற்றைப் பிரித்துக் காட்டாது. கோல்கள் தெரிந்தும் ஜீன் எக்ஸ்பெர்ட் காசநோய் இல்லை என்று காட்டினால், அந்த மண், நீர்க் கிருமிகளை, அதாவது காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் மகனின் நோயில் உப்பும் நீரும் உயிரணுக்களைக் கடக்கும் வழி பழுதாகி, சளி பசைபோல் தடித்து நுரையீரலில் தேங்குகிறது. அங்கே இந்தக் கிருமிகள் எளிதாகக் குடியேறும். இவற்றில் பெரும்பாலும் காணப்படுபவை ஏவியம் குழு, அப்ஸெஸ்ஸஸ் என்ற இரு வகைகள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே எந்தக் கிருமி என்று தெரியாமல் காசநோய் மாத்திரையைத் தொடங்கவும் கூடாது, காசநோய் இல்லையே என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது.

வெவ்வேறு நாட்களில் எடுத்த சளியை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கிருமியால் வந்த நோய்தான் என்று முடிவுசெய்ய, குறைந்தது இரண்டில் ஒரே கிருமி வளர வேண்டும், நோய்க்குறிகளும் சீ.டி. ஸ்கேனும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு தடவை மட்டும் தெரிந்து தானாகவே மறைந்துபோவதும் உண்டு. சளியோடு அனுப்பும் படிவத்தில் 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இந்தப் பிள்ளைகளின் சளியில் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி மண்டிக்கிடக்கும். ஆய்வுகூடம் அதை முதலில் அழிக்காவிட்டால் நாம் தேடும் கிருமியை மூடி வளர்ந்துவிடும். காலையில் சளி எடுக்குமுன் குழாய் நீரால் வாய் கொப்பளிக்க வேண்டாம். அந்த நீரிலுள்ள கிருமியே மாதிரியில் கலந்துவிடலாம். கொதித்து ஆறிய நீர் போதும். நெபுலைசர் கிண்ணத்தையும் கழுவியபின் ஐந்து நிமிடம் கொதிக்கவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மகன் நீண்டநாளாக அஸித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து குடிக்கிறானா? நுரையீரல் அழற்சிக்காக இந்த நோயில் அதைக் கொடுப்பது வழக்கம். இந்தக் கிருமி இருக்கும்போது அதைத் தனியாகக் கொடுத்தால், கிருமி அதற்குப் பழகி, மிக நல்ல மருந்தொன்று வீணாகிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், இந்த வாரமே அவனுடைய வைத்தியரிடம் கேளுங்கள். சிகிச்சை தேவைப்பட்டால் பல மருந்துகள் சேர்ந்தே வரும். சளியில் கிருமி மறைந்தபின்னும் ஒரு வருடம் தொடர வேண்டும். எதம்பியூட்டோல் இருந்தால் கண்ணையும், அமிகாசின் இருந்தால் காதையும் இடையிடையே பரிசோதிப்பார்கள்.

தங்கைக்குப் பயமில்லை, அவள் அண்ணனோடு இருக்கட்டும். சிஸ்டிக் பைப்ரோசிஸ் உள்ள இன்னொரு பிள்ளையோடு மட்டும் அவனைக் கிளினிக்கில் பக்கத்தில் உட்காரவிடாதீர்கள். அப்ஸெஸ்ஸஸ் இத்தகைய நோயாளிகளிடையே பரவுவதை இங்கிலாந்தின் பாப்வர்த் வைத்தியசாலையில் நடந்த மரபணு ஆய்வு 2013இல் காட்டியது.

கன்னியா வேண்டாம். அங்குள்ள ஏழு கிணறுகளில் இந்தக் கிருமி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெதுவெதுப்பான நீர் இவற்றுக்குப் பிடித்தமானது; வாளி வாளியாக ஊற்றும்போது எழும் நுண்துளியை அவன் மூச்சோடு இழுப்பான். மாமியாரின் அக்கறையைக் குறைசொல்ல மாட்டேன். சளி இளக, முதுகு தட்டிக் கொடுக்கும் பயிற்சியை அவருக்கே சொல்லிக்கொடுக்கும்படி பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

கேள்வி: என் தந்தை இருமுறை காசநோய் மருந்து முடித்தவர். சளியில் மீண்டும் கிருமி தெரிகிறதாம். மூன்றாம் முறையும் அதே மருந்தா?
- வாசகர், மூதூர்

பதில்: பழைய காசநோயால் தழும்பேறிய நுரையீரலிலும் மேலே சொன்ன கிருமிகள் குடியேறும். காசநோயே திரும்பியிருக்கலாம், அதுவும் மருந்துக்கு மசியாததாக இருக்கலாம். முன்பு சிகிச்சை பெற்றவரிடம் ஜீன் எக்ஸ்பெர்ட் சிலவேளை இறந்த கிருமியையும் காட்டிவிடும். எனவே வளர்ப்புப் பரிசோதனையை வற்புறுத்திக் கேளுங்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அவர் முகக்கவசம் அணிந்து, யன்னல் திறந்த அறையில் படுக்கட்டும். பழைய மருந்து அட்டைகள் இரண்டையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.