மடையன் எந்த மடையிலிருந்து வந்தான்?

கேள்வி: வெள்ளக் காலத்தில் ஏரிக்குள் முங்கி மடையைத் திறந்துவிட்டவர்தான் மடையர், அந்தப் பெயரைத்தான் நாம் வசவாக்கிவிட்டோம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, சரிதானா?
– வாசகர் ஒருவர், சிவகங்கை

பதில்: பாதி சரி. மடை திறக்க முங்கிய ஆட்கள் இருந்தது உண்மை. உங்கள் பக்கத்துப் பழைய கண்மாய்களில் கரைக்கு உட்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழித் தூம்பு என்கிற பழைய மடை. அடியில் கல்தொட்டி. அதன் மேல்பக்கம் நீரோடித் துளை, கீழே சேறோடித் துளைகள். நீரோடியின் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் பாயும். அந்த வேகத்தில் அடிச்சேறும் சேர்ந்து வெளியேறும். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது முங்கியவர், நீர் உள்ளே இழுக்கிற வாய்க்குப் பக்கத்திலேயே மூச்சடக்கி வேலை பார்க்க வேண்டும். உயிரோடு விளையாடுகிற வேலை அது. அவருடைய பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை.

வசவு வேறு வழியாக வந்தது. மடம் என்றால் அறியாமை. மடமையும் மடையனும் அதன் பிள்ளைகள். மடை என்பதற்குச் சோறு, படையல் என்றும் பொருள் உண்டு. கோயில் மடைப்பள்ளி அதிலிருந்து வந்ததுதான். அதனால் சமையற்காரரையும் மடையன் என்கின்றன அகராதிகள். ஆக, ஒரே உருவத்தில் வெவ்வேறு சொற்கள்.

ஆனால் மடம் முதலிலேயே வசவாக இருக்கவில்லை. சங்கப் பாட்டில் மடமான், மடப்பிடி என்று வந்தால் அங்கே இளமையும் கள்ளமின்மையும்தான் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது புறநானூறு 142. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பரணர் பாடியது. வற்றிய குளத்திலும் வயலிலும் பெய்கிற மழை உவர்நிலத்திலும் பெய்கிறதே, அப்படிக் கொடுக்கிறானாம் அவன். 'கொடைமடம் படுதல் அல்லது படைமடம் படான்' என்கிறார். கொடுப்பதில் மட்டும் யோசிக்கத் தெரியாதவன், போரில் அப்படியில்லை. ஓர் அரசனை இதைவிட அழகாகப் பாராட்ட முடியுமா!

கேள்வி: அப்படியானால் கூமுட்டை?
– அதே வாசகர்

பதில்: கூழ்முட்டைதான் அப்படி ஆனது. கோழி அடைகாத்தும் குஞ்சு பொரிக்காமல், உள்ளே கூழாகிப்போன முட்டை. காதருகே வைத்து ஆட்டினால் தளக் தளக்கென்று சத்தம் கேட்கும். கோழி வளர்த்தவர்கள் உடைக்காமலே சொல்லிவிடுவார்கள்.