அந்த நிலப் பத்திரத்தை உள்ளே வையுங்கள்

மகளின் படிப்புக்கு ஆலோசனை கேட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு தென்காசிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த அந்த அம்மா, உட்காரும் முன்பே நிலப் பத்திரத்தை மேசையில் வைத்தார். மகளுக்கு இரண்டாவது முறையும் நீட் மார்க் அரசு ஒதுக்கீட்டுக்கு எட்டவில்லை. நிலத்தை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட் போடச் சொல்லியிருக்கிறார் பெரியப்பா. "பயப்படாதீங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். பத்திரத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

விற்காதீர்கள் அம்மா. நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, பிறகு பி.ஜி.க்கு இன்னொரு நீட். அதுவரை வட்டியைப் பெரியப்பா கட்டுவாரா?

பாப்பா தன் போனில் ஒரு எக்செல் காட்டினாள். பாட்டியின் சர்க்கரை அளவு, ஒரு வருடத்துக்கு. ஏறிய நாளெல்லாம் சிவப்பு. கோயில் கொடை வாரம் முழுக்கச் சிவப்பு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம்.

நர்சிங், பார்மசியை விடுங்கள், சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். மருத்துவமனைகளுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனிகளில் சாஃப்ட்வேர் டீம் என்று ஒன்று உண்டு. சென்னையில் உட்கார்ந்தே அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வேலை பார்க்கிறார்கள். அங்கே நோய்க்கு ஐசிடி-10 என்ற நோய்ப் பட்டியலிலிருந்து குறியீடு போட்டு, 837 என்ற மின்னணு வடிவத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் போகும். எவ்வளவு கொடுத்தோம், எதை வெட்டினோம் என்று 835 வடிவத்தில் பதில் வரும். இ11.9 என்றால் சிக்கலில்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை, இ11.22 என்றால் அதனால் சிறுநீரகமும் கெட்டிருக்கிறது. கோழி கொத்தியதற்குக்கூடத் தனிக் குறியீடு உண்டு! ஆண் பெயரில் பிரசவக் குறியீடு விழுந்தால் பில் வெளியே போகும் முன்பே சாஃப்ட்வேர் பிடிக்க வேண்டும். அந்த விதியை மருத்துவமனைக்காரர்களிடம் கேட்டு எழுதுபவர் பிசினஸ் அனலிஸ்ட். அதை நிரலாக்குபவர் டெவலப்பர். இல்லாத நோயாளிகளை உருவாக்கி அந்த நிரலை உடைத்துப் பார்ப்பவர் டெஸ்டர். நிஜ நோயாளியின் விவரத்தை இஷ்டத்துக்கு எடுத்தாள 1996-இல் வந்த ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டம் விடாது. உயிரியல் தெரிந்த பிள்ளைக்கு இங்கே பாதிப் பாஷை ஏற்கெனவே தெரியும். ராத்திரி மீட்டிங் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாப்பா கணிதமும் படித்தவள். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிந்து வைத்தது நல்லதாயிற்று. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தாலும் போதும். எங்கும் நன்கொடை கொடுக்கக் கூடாது. 'மெடிக்கல் கோடிங், வேலை உறுதி' என்று போர்டு மாட்டிப் பணம் கேட்டாலும் கட்டாதீர்கள். அந்தக் கோடிங் நோய்க்கு எண் போடுவது, நான் சொல்வது நிரல் எழுதுவது.

வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றீர்களே, அந்தச் சான்றிதழுக்கு நாளைக்கே இ-சேவை மையம் போங்கள். பொறியியல் கட்டணத்தில் சலுகை உண்டு. பெரியப்பா கோபப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள்.